எடை தூக்கக் கடன் வேண்டாம்



"நாள் முழுக்க குடம் தூக்குறோமே, தனியா உடற்பயிற்சி எதுக்கு?" என்று கேட்பீங்க. குடத்தை ஒரே இடுப்பில்தான் வைக்கிறோம், ஒரு பக்கம்தான் உழைக்குது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் பலம் வேகமாகக் குறையும். வாரம் 2 நாளாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அதுக்காக குழுக் கடனில் மெஷின் வாங்காதீங்க. 1 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் 1 கிலோ, காய்ந்த மணல் என்றால் சுமார் ஒன்றரை கிலோ. இரண்டு கைக்கும் சமமா இருக்கான்னு தராசில் பாருங்க. பழகிய பிறகு குழுவாச் சேர்ந்து ஒரு ஜோடி டம்பெல் வாங்கலாம். பழைய இரும்பே போதும், விரிசல் மட்டும் பார்த்து வாங்கணும். மூட்டுவலி, பிரஷர் உள்ளவங்க முதலில் நர்ஸம்மாவைக் கேளுங்க.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு 2 பாட்டில் கொண்டு வாங்க. தராசு நான் கொண்டு வர்றேன்.