செய்முறைக் குறிப்பேடும் சாட்சியமும்

(பரவைப் பள்ளிவாசலில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

நம் தமிழகத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தின் 100 மதிப்பெண்களில் 25 செய்முறைக்கு உரியவை. அதற்கென ஒவ்வொரு மாணவரும் ரெக்கார்டு நோட்டு எழுதுகின்றனர். மாலை மக்தபுக்கு வரும் பிள்ளைகள் சிலர், சென்ற ஆண்டு அண்ணன் எழுதிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள அளவுகளை அப்படியே பார்த்து எழுதுவதைக் காண்கிறேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. ஆனால் அவர்கள் அளந்தது எங்கே?

குவிலென்ஸின் குவியத் தூரம் காணும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சன்னலுக்கு வெளியே தொலைவில் நிற்கும் பனைமரத்தின் பிம்பத்தைத் திரையில் தெளிவாக விழச் செய்து, லென்ஸுக்கும் திரைக்கும் இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். மூன்று முறை அளந்தால் 9.8, 10.1, 10.3 செ.மீ. எனச் சிறிது மாறியே வரும். பிம்பம் எவ்விடத்தில் மிகத் தெளிவு என்பதைக் கண் ஒவ்வொரு முறையும் சற்றே வேறாக முடிவு செய்கிறது. அதனால்தான் சராசரி காண்கிறோம். விடை 10 என்று முன்பே அறிந்த பிள்ளையோ மூன்று இடத்திலும் 10 என்றே எழுதிவிடுகிறது. மாறி வந்ததை ரப்பரால் அழித்தும் விடுகிறது. காணாததைக் கண்டதாகச் சொல்வதற்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹதீஸ்களை எழுதிக் காத்த இமாம்கள் இதில் எத்துணைப் பேணுதலாக இருந்தனர்! இரு சொற்களுள் எதைச் செவியுற்றோம் என ஐயம் எழுந்தால், அறிவிப்பாளர் ஒன்றைக் கூறி, "அல்லது இவ்வாறு கூறினார்கள்" என மற்றதையும் சேர்த்தே அறிவிப்பார். ஐயத்தை மறைப்பதில்லை. ஏட்டில் தவறாக எழுதிய சொல்லைச் சுரண்டி எடுப்பதையும் அவர்கள் விரும்பவில்லை. சுரண்டிய இடம் சந்தேகத்திற்கு இடமளிக்கும் என்றனர். அச்சொல் படிக்கத் தெரியும்படி ஒரு கோடு இழுத்துவிடுவதே சிறந்தது என்ற கருத்தை, ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தமது ஹதீஸ் கலை நூலில் பதிந்துள்ளார்கள். இன்றைய ஆய்வகங்களில் கற்பிக்கும் முறையும் இதுவே: மையால் எழுது, தேதியிடு, தவறை ஒற்றைக் கோட்டால் அடி, தாளைக் கிழிக்காதே.

பறவையியல் அறிஞர் சாலிம் அலீ (1896–1987) ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவராக மும்பையில் வாழ்ந்தபோது, 1906–07இல், ஒரு குறிப்பு எழுதினார். பெண் சிட்டுக்குருவி அடைகாக்க, வெளியே காவலிருந்த ஆண் குருவியைச் சுட்டார். விரைவிலேயே வேறோர் ஆண் குருவி அவ்விடத்திற்கு வந்தது. ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள். (சுட்டதை நான் மெச்சவில்லை, எழுதியதைச் சொல்கிறேன்.) வேட்டைப் பெருமைக்காக எழுதிய அக்குறிப்பு, பறவைகளின் இயல்பை விளக்கும் சான்றாகப் பிற்காலத்தில் மதிப்புப் பெற்றது. கண்டதையும் எண்ணியதையும் மட்டுமே அவர் எழுதியிருந்தார். பொருள் புரியாத வயதிலும் உண்மையாக எழுத இயலும்.

நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கும்போது, சோதனை நடக்கும்போதே எழுதுவதற்குரிய அப்சர்வேஷன் நோட்டு ஒன்றையும் சேர்த்துத் தாருங்கள். பெற்றோர்களே, ரெக்கார்டு நோட்டின் அழகைக் கண்டு மகிழும் முன் இந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் அடித்தலும் திருத்தலும் இருந்தால் கடிந்துகொள்ள வேண்டாம்.