இடுப்பளவும் மூச்சளவும்

இடுப்புப் பருமன், உயர் இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை உயர்வு, டிரைகிளிசரைடு மிகுதி, நல்ல கொழுப்பின் குறைவு ஆகிய ஐந்தில் மூன்று கூடினால், மருத்துவர் அதனை வளர்சிதை மாற்ற நோய்த்தொகுப்பு என்பர். இதயத்தை எண்ணி அஞ்சுவோர் பலரும் நுரையீரலை மறந்துவிடுகின்றனர்.

வயிற்றினுள் சேரும் கொழுப்பு உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. அது கீழிறங்க இடமின்றி, நுரையீரல் முழுதும் விரிய இயலாது போகிறது. கொழுப்புத் திசுவிலிருந்து எழும் மெல்லிய அழற்சிக்கும் இதில் பங்குண்டு என்று கருதப்படுகிறது. ஊதி அளக்கும் ஸ்பைரோமீட்டரில், இத்தகையோர் வெளியிடும் மொத்தக் காற்றும் முதல் நொடியில் வெளிவரும் காற்றும் ஒருசேரக் குறையக் காணலாம். இரண்டுக்கும் உள்ள விகிதமோ பெரும்பாலும் மாறுவதில்லை. விகிதத்தை மட்டும் நோக்குபவர், குறையேதுமில்லை என்று நோயாளியை அனுப்பிவிடக் கூடும். மாணவர்கள் இதனை மனத்திற்கொள்வது நலம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சிற்றூர்களில் 30 வயது நிறைந்தோரின் இடுப்பை ஆஷா பணியாளர் நாடாவால் அளக்கிறார்; ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. மூச்சுத் திணறல் உண்டா என்றும் அதே படிவத்தில் கேட்கிறார். இரு விடைகளையும் சேர்த்துப் படிப்போர் எத்தனை பேர்? படியேற மூச்சு வாங்கும் பெண்ணிடம் பருமனைக் குறைக்கச் சொல்வதோடு நில்லாது, ஊதிப் பார்க்க அனுப்புவதும் அலுவலர் கடமையே. எடை குறைந்தால், இழந்த அளவில் ஒரு பகுதி மீளவும் கூடும்.