அணுக்கருவை உருக்கும் வெப்பமும் மேகநாத் சாகாவும்



வேதாரண்யம் உப்பளங்களில் கடல்நீர் வெயிலில் ஆவியாகி உப்புத் தங்குவதை நாம் அறிவோம். வெப்பம் பொருளின் நிலையை மாற்றுகிறது. அவ்வெப்பத்தை மேன்மேலும் உயர்த்தினால், அணுவிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்றுவிடும். எவ்வெப்பத்தில், எவ்வழுத்தத்தில், எவ்வளவு கழலும் என்பதற்கு 1920-இல் சமன்பாடு கண்டவர் மேகநாத் சாகா. விண்மீன்களின் வெப்பத்தை அவற்றின் ஒளியிலிருந்து அறிய அது வழிகாட்டிற்று.

இன்னும் சூடேற்றினால் அணுக்கருவே உருகும். புரோட்டான், நியூட்ரான்களுக்குள் அடைபட்ட குவார்க்குகளும், அவற்றைப் பிணைக்கும் குளுவான்களும் விடுபட்டு ஒரே குழம்பாகும். பேரண்டம் தோன்றிய முதல் சில மைக்ரோ நொடிகளில் பொருள் இந்நிலையில் இருந்தது என்பர் அறிஞர். எந்த உலையும் இவ்வெப்பத்தைத் தாராது. ஆகவே ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நிலத்தடி வளையத்தில், ஈய அணுக்கருக்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் எதிரெதிரே செலுத்தி மோதவிடுகின்றனர். 2010 நவம்பரில் அம்மோதல்கள் தொடங்கின. சூரியனின் நடுவெப்பத்தைப்போல் லட்சம் மடங்குக்கு மேற்பட்ட வெப்பம் அங்கே பிறக்கிறது. அக்குழம்பு கண்ணிமைப் பொழுதின் கோடி கோடியில் ஒரு பங்குகூட நிலைப்பதில்லை. சிதறும் துகள்களைக் கொண்டே அதன் இயல்பை அறிகின்றனர். அது வாயுவைப்போலன்றி, உள்ளுராய்வு மிகக் குறைந்த நீர்மம்போல் பாய்கிறது என்பது தெளிவாகியுள்ளது.

இவ்வாய்வில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. அங்குள்ள ‘ஆலிஸ்’ கருவிக்காக ‘மானஸ்’ என்னும் மின்னணுச் சில்லை வடிவமைத்தது, கொல்கத்தாவிலுள்ள சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனம்.

அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த சாகா, 1893-இல் டாக்கா அருகே ஒரு சிற்றூரில் சிறு மளிகைக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். ஊரில் மேல்வகுப்பு இல்லாமையால், வேற்றூரில் ஒரு மருத்துவர் இல்லத்தில் தங்கி, பசுவைப் பராமரித்துப் படித்தார். கல்கத்தாவில் கல்லூரி மாணவராயிருந்தபோது, சாதியின் பெயரால் விடுதிப் பந்தியில் ஒதுக்கப்பட்டார். அவர் நம் சமூகத்தில் பிறந்தவரல்லர். எனினும் அந்தப் பந்தியின் வலி நமக்குப் புதிதன்று.

இளைஞர்களே! உடனே வேலை தரும் படிப்பையே நாம் நாடுகிறோம். வறுமை நெருக்குகிறது, அதில் குறையில்லை. ஆயினும் பத்தாம் வகுப்புத் தேறிய மகளோ மகனோ இயற்பியலும் கணிதமும் படிக்க விரும்பினால், “அது நமக்கு எதற்கு?” என்று நாம் கேட்கலாகாது. அச்சொல்லைப் பிறர் நம்மை நோக்கி நெடுங்காலம் சொன்னார்கள். அதை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்வதா? நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் இவ்விரு பாடங்களுக்கும் தக்க ஆசிரியர்களை அமர்த்துவோம். வெள்ளி விழா ஆண்டில் நாம் தொடங்கவேண்டிய பணி அதுவே.