ஆடாத விழியும் ஆடும் எழுத்தும்

(வெள்ளி விழாவையொட்டி அபிராமபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வெள்ளி விழா மேடையில் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. அப்பணியைப் பிறர் செவ்வனே செய்துவிட்டனர். நாமோ, நாம் செய்த தவறு ஒன்றைச் சொல்லி, அதன் வழியாக ஓர் அறிவியல் உண்மையை விளக்க விரும்புகிறோம்.

இதே அபிராமபுரத்தில் நம் மாலை வகுப்பு தொடங்கிய நாட்களில், மகளை அழைத்துச் செல்லத் தகப்பனார் ஒருவர் நாள்தோறும் வருவார். பகலில் ஓரளவு நேராக நடப்பவர், விளக்கு வைக்கும் நேரமானால் சுவரைப் பற்றிக்கொண்டு, கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுவார். தெரு அவரைக் குடிகாரர் என்றது. நாமும் நம்பினோம். குடித்துவிட்டு வகுப்பு வாயிலுக்கு வரவேண்டாம் என்று அவரிடமே கூறினோம். அவர் மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் முதல் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். சில நாட்கள் கழித்து அச்சிறுமி நம்மிடம் வந்து, "எங்க அப்பா குடிக்க மாட்டாரு சார். நின்னா பஸ் நம்பர் தெரியுதாம், நடந்தா எழுத்தெல்லாம் ஆடுதாம்" என்றாள்.

அந்தச் சொற்களில் நோயின் முழு விளக்கமும் அடங்கியிருந்தது. அதைப் புரிந்துகொள்ளும் கல்விதான் நம்மிடம் இல்லை.

மாணவர்களே, கையிலுள்ள புத்தகத்தை விரைவாக இடமும் வலமும் அசைத்துப் படித்துப் பாருங்கள், எழுத்துகள் கலங்கிவிடும். இப்போது புத்தகத்தை அசையாது வைத்து, தலையை அதே வேகத்தில் அசையுங்கள். எழுத்துகள் தெளிவாகவே நிற்கும். இரண்டிலும் அசைவு ஒன்றுதான். வேறுபாடு எங்கிருந்து வந்தது? உட்செவியிலிருந்து வந்தது.

செவி கேட்பதற்கு மட்டும் அமைந்த உறுப்பன்று. ஒவ்வோர் உட்செவியிலும் மூன்று அரைவட்டக் குழல்களும், அவற்றையடுத்து இரண்டு சிறு பைகளும் உள்ளன. தலை திரும்பும்போது குழல்களிலுள்ள நீர்மம் பின்தங்குகிறது. அதனால் நுண்ணிய மயிர் போன்ற இழைகளையுடைய உணர்வணுக்கள் தூண்டப்படுகின்றன. பைகள் புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணர்த்துகின்றன. குழல்களின் செய்தி மூளைத்தண்டு வழியே கண்ணின் தசைகளுக்குச் செல்ல மூன்று நரம்பணுக்களே போதும். தலை வலப்புறம் திரும்பினால், ஏறத்தாழ நூறில் ஒரு நொடிக்குள் விழி அதே அளவு இடப்புறம் திரும்பிவிடுகிறது. கண் தானே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டுமாயின் இதைப்போலப் பன்மடங்கு நேரம் ஆகும். நாம் நடக்கும்போது உலகம் குலுங்காமல் நிற்பது இந்த ஓசையில்லாத உழைப்பினால்தான்.

அத்தகப்பனாருக்குக் காசநோய் ஒருமுறை வந்து, குணமாகி, மீண்டும் திரும்பியிருந்தது. இரண்டாம் முறை ஸ்டிரெப்டோமைசின் ஊசி இரண்டு மாதங்கள் போடப்பட்டது. 1943-இல் கண்டுபிடிக்கப்பட்ட அம்மருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்தது. நம் சென்னைக்கும் இதில் பெரும் பங்குண்டு. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நோயாளி மருத்துவமனையில் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே குணமடையலாம் என்று 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்தது. வாரம் இருமுறை ஸ்டிரெப்டோமைசின் ஊசியுடன் ஐசோனியசிட் தரும் முறையையும் அதே மையம் ஆராய்ந்து 1964-இல் வெளியிட்டது. ஏழைகளுக்கு அது பெருங்கொடை. ஆனால் உயிர்காத்த அதே மருந்து, சிலருக்கு உட்செவியின் அந்த உணர்வணுக்களை அழித்துவிடும். அழிந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. அதன்பின் சமநிலைக்குக் கண்ணும் பாதவுணர்வுமே துணை. இருட்டில் கண்ணின் துணையும் போய்விடுகிறது. அவர் மாலையில் தள்ளாடியதன் காரணம் இதுவே.

1952-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில், ஸ்டிரெப்டோமைசினால் இதே குறைக்கு ஆளான மருத்துவர் ஒருவர், ஜே.சி. என்ற எழுத்துகளை மட்டும் இட்டுத் தம் அனுபவத்தை எழுதினார். படுத்துக்கொண்டு படிக்கும்போது நாடித்துடிப்பில் தலை அசையும் அசைவே எழுத்துகளை ஆட்டியதாகவும், கட்டிலின் கம்பிகளுக்கிடையே தலையை இறுக்கி வைத்துப் படித்ததாகவும் அவர் குறித்தார். மருத்துவ உலகம் நம்பியது. அக்கட்டுரை இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. தோழர்களே, அந்த மருத்துவர் எழுதியதும் நம் சிறுமி சொன்னதும் ஒன்றே. மருத்துவர் எழுதியபோது அது அறிவியல் ஆயிற்று. நம் தெருவில் அதற்குக் குடி என்று பெயர் வைத்தோம். பிறர் வைத்திருந்தால் இழிவு என்று கொதித்திருப்போம். வைத்தது நாமே.

இத்துறை வளர்ந்ததே நோயாளியின் சொல்லைக் கேட்டதனால்தான். வியன்னா நகரத்து ராபர்ட் பாரானி காதைக் கழுவும்போது நோயாளிகளுக்குத் தலைசுற்றுவதைக் கண்டார். நீர் குளிர்ந்திருக்கிறது என்று ஒருவர் முறையிட, சூடு மிகுந்த நீரைச் செலுத்தினர். விழி நடுக்கம் எதிர்த்திசையில் தோன்றியது. குழல்களிலுள்ள நீர்மம் வெப்பத்தால் அசைகிறது என்று அவர் உணர்ந்தார். 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

நாம் அத்தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்டு, மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மருத்துவர் தம் மூக்கையே பார்க்கச் சொல்லி, அவர் தலையைச் சட்டென்று சிறிது திருப்பினார். விழி தலையோடு போய்விட்டுப் பிறகு தாவித் திரும்பியது. 1988-இல் சிட்னி ஆய்வாளர்கள் ஹால்மாகியும் கர்தாய்ஸும் விளக்கிய சோதனை அது. கருவி எதுவும் வேண்டுவதில்லை. பின்னர், சுவரில் ஒட்டிய எழுத்தைப் பார்த்தபடி தலையை அசைக்கும் பயிற்சி தொடங்கியது. படுத்துக்கிடந்தால் மூளை கற்பதில்லை. தவறித் தவறித்தான் கற்கிறது. கழுத்தின் உணர்வையும் கண்ணின் தாவலையும் கொண்டு ஓரளவு ஈடுசெய்துகொள்கிறது. முழுக் குணமில்லை, ஆயினும், கைவிளக்குடன் அவர் மீண்டும் வகுப்பு வாயில்வரை வந்தார்.

இரண்டாம் முறை காசநோய்க்கு ஸ்டிரெப்டோமைசினைச் சேர்த்துத் தரும் அம்முறையைக் கைவிடுமாறு 2017-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்திவிட்டது. ஆயினும் ஜென்டமைசின் முதலிய ஊசிகளுக்கும் இத்தீங்கு உண்டு. ஊசி போடும் காலத்தில் தலைசுற்றலோ, காதில் இரைச்சலோ, எழுத்து ஆடுவதோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தள்ளாடும் ஒருவரைக் கண்டால் முதலில் கேளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தந்தோம் என்று நாம் பெருமை கொள்கிறோம். அன்று அச்சிறுமிதான் நமக்குப் பாடம் சொன்னாள். அவள் சொல்லைப்போல ஒவ்வொரு சொல்லும் கேட்கப்படும் இடமாக இச்சங்கம் விளங்கட்டும் என்று கூறி அமைகிறோம்.