விதியா? மதியா? – மதியே!

நடுவர் அவர்களே! “எல்லாம் தலையெழுத்து, நம்ம கையில என்ன இருக்கு?”ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. இதே கேள்வி அமெரிக்காவில் ஒருவரைப் படாதபாடு படுத்தியது.

வில்லியம் ஜேம்ஸ். 1842-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1869-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனா வைத்தியம் பார்க்கலை. முதுகுவலி, கண்வலி, அதற்கும் மேலே மனச்சோர்வு. ‘மனுஷன் வெறும் யந்திரம்தானோ’ங்கிற பயம். வாழத்தான் வேணுமாங்கிற அளவுக்குப் போயிட்டார்!

1870 ஏப்ரலில் ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞரைப் படிக்கிறார். தேர்ந்தெடுக்கும் சக்தி எனக்கு உண்டு என்று நம்புவதையே என் முதல் தேர்வாக வைத்துக்கொள்கிறேன் எனத் தீர்மானித்து, டைரியில் எழுதிவைக்கிறார்.

சோர்வு ஒரே நாள்ல பறந்துடலைங்க. திரும்பத் திரும்ப வந்தது. ஆனாலும் 1873-இல் ஹார்வர்டில் பாடம் நடத்தத் தொடங்கினார். 1890-இல் மனோதத்துவத்தைப் பற்றி இரண்டு பாகங்களில் பெரிய நூல். அதில் பழக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம்! தினமும் செய்கிற சின்னச் செயல்கள்தான் நரம்பிலே தடம் போட்டு நம்மை உருவாக்குகின்றன என்றார்.

விதி இல்லேன்னு அவர் நிரூபிக்கலை அம்மா. நிரூபிக்கிற வரைக்கும் காத்திருக்கவும் இல்லை. நம்பினார், எழுந்தார், வேலையைப் பார்த்தார். அதுதான் மதி! நல்ல தீர்ப்பு தாருங்கள்.