மாரிக் கன்றின் குருதி



ஆரையம்பதிக்கு மேற்கே, வாவிக்கு அப்பால், படுவான்கரையின் மாட்டுப் பட்டிகள் இருக்கின்றன. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வீசிய குளிர்காற்றில் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் மடிந்தன. வெயிலுக்குப் பழகிய கால்நடையைக் குளிர் எவ்வளவு விரைவாக வீழ்த்தும் என்பதை இந்த மண் கண்ணாரக் கண்டது. அதே குளிர், கழிச்சலால் ஏற்கெனவே சோர்ந்த கன்றின் குருதிக்குள் என்ன செய்கிறது? இந்தக் கருத்தரங்கு எடுத்துக்கொண்ட கேள்வி அது.

நலமான கன்றின் குருதியில் பிஎச் அளவு 7.4-ஐ ஒட்டி நிற்கும். கழிச்சல் கண்டால் சாணத்தோடு வெளியேறுவது நீர் மட்டுமல்ல. அமிலத்தை ஆற்றும் இருகாபனேற்றும் போகிறது. குடல் நுண்ணுயிர்கள் ஆக்கும் லக்டிக் அமிலமும் குருதியில் கலக்கிறது. பிஎச் 7.4-இலிருந்து 7.1-க்கு இறங்கினால், பார்வைக்குச் சிறிய அந்த வித்தியாசத்தில் ஐதரசன் அயன் செறிவு இரு மடங்காகிவிடும்.

1904-இல் கோப்பன்ஹேகனில் கிறிஸ்டியன் போர், தம் உடனாய்வாளர்களான ஹாசல்பால்க், குரோக் ஆகியோருடன் ஓர் உண்மையை வெளியிட்டார்: காபனீரொட்சைட்டு கூடக்கூட ஈமோகுளோபின் ஒட்சிசனை எளிதாக விட்டுக்கொடுக்கிறது. அமிலம் கூடினாலும் அப்படித்தான். அப்படியானால் அமிலம் ஏறிய கன்றின் தசைகளுக்கு ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்க வேண்டுமே!

கிடைப்பதில்லை. உடல் குளிர்ந்தால் ஈமோகுளோபின் தன் பிடியை இறுக்குகிறது. மனிதக் குருதியைவிட மாட்டுக் குருதியில் இந்தத் தாக்கம் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. அமிலம் நீடித்தால், ஒட்சிசனைத் தளர்த்திவிட உதவும் பொசுபேற்றுச் சேர்வையும் செங்குழியத்துக்குள் குறைகிறது. இவற்றுக்கு மேலே நீரிழப்பு. குருதி தடித்து ஓட்டம் தளர்ந்தபின், ஈமோகுளோபின் எவ்வளவு விட்டுக்கொடுத்தாலும் ஒட்சிசன் தசையைப் போய்ச் சேர வேண்டுமே. ஒட்சிசன் எட்டாத தசை மேலும் லக்டிக் அமிலத்தை ஆக்கும், சுழல் இறுகும்.

ஆய்வுகூடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. குருதி வாயுக்களை அளக்கும் கருவி மாதிரியை 37 பாகை செல்சியசில் வைத்தே அளக்கும். நலமான கன்றின் உடல்வெப்பம் 38.5-க்கு மேல், குளிர்ந்து கிடக்கும் கன்றினது 35-க்குக் கீழும் போகலாம். உடல்வெப்பத்தைக் குறிக்காமல் எழுதிய முடிவு, அந்தக் கன்றுக்குள் நடப்பதைச் சொல்லாது.

பட்டிக்காரருக்குக் கருவி இல்லை, விரல் இருக்கிறது. கன்றின் வாயில் வைத்த விரலை அது சப்பினால் உப்பும் குளுக்கோசும் கார உப்பும் கலந்த கரைசலை வாய்வழியே கொடுக்கலாம். சப்பாமல் விழுந்து கிடந்தால் கால்நடை வைத்தியர் நாளத்தின் வழியே நீரும் இருகாபனேற்றும் ஏற்ற வேண்டும். இரண்டு நிலையிலும் ஈரத்தைத் துடைத்து, வைக்கோல் பரப்பி, உடலைச் சூடாக்குவது மருந்துக்குச் சமமான வேலை. பிறந்த சில மணிநேரத்துக்குள் வயிறு நிறையக் கடும்புப்பால் குடித்த கன்று இந்த நிலைக்கு வரும் ஆபத்து குறைவு.

மாரி தொடங்குமுன் எந்தப் பட்டியில் உலர்ந்த கொட்டில் இருக்கிறது, எந்த வைத்தியரிடம் நாளத்தில் ஏற்றும் இருகாபனேற்று இருக்கிறது என்ற இரண்டு கணக்குகளோடு முதல் அமர்வு இப்போது தொடங்குகிறது.