வெட்டியவன் யார்?



சென்னை மயிலாப்பூர்ப் பக்கம் பக்கிங்காம் கால்வாய்க் கரையோடு நடந்து போனால் இன்று நாம் காண்பது என்ன? சாக்கடை நீரும் அதன் நடுவே நட்டிருக்கும் ரயில் தூண்களுமேயாகும். ஆனால் ஒரு காலத்தில் ஆந்திரத்துப் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை, சுமார் 420 கிலோமீட்டர் தூரம், உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இவ்வழியே போய் வந்தன.

இதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பாகம் 1877-78ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது வெட்டப்பட்டதாகும். வெட்டியவர் யார்? பட்டினிக்குத் தப்பிப் பிழைக்க வந்த ஏழைகள். கூலி என்ன? பஞ்ச வேலைக்கு 1877ல் சர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்தது, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசுமேயாகும். பெயர் யாருக்கு? கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு!

"பஞ்சம் தலைவிதி" என்பார்கள். மழை பொய்த்தது மெய். ஆனால் அதே காலத்தில் இந்நாட்டுத் தானியம் கப்பலேறி வெளிநாடு போனதும் மெய்தானே? கப்பலில் ஏற்றியது விதியா, மனிதனா? வருண ஜெபமா அந்த ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தது? அவர்கள் பிடித்த மண்வெட்டியல்லவா?

கோயிலைக் கட்டிய ராஜாவின் பெயரைத் தல புராணம் சொல்லுகின்றது. கல் சுமந்தவன் பெயரை நாம் கேட்டதுண்டா?

ஆகவே தோழர்களே, எந்தப் பழங் கட்டடத்தைக் கண்டாலும், பாடுபட்டவன் யார், பலன் அடைந்தவன் யார் என்று கேட்கப் பழகுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றேன்.